அப்பாவின் லாரியில் ஒரு நடுக்கம்

"வண்டி நடுங்குது" என்று அப்பா சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாரும் வண்டியைப் பற்றி நினைக்கவில்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். நான் அப்பாவின் கையைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் எங்கே பார்க்கிறோம் என்று பார்த்துவிட்டு, அவர் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்.

காரணம் பெரியப்பா. அவரும் லாரி ஓட்டியவர்தான். அவரும் ஒருநாள் வீட்டுக்கு வந்து வண்டி ஆடுகிறது என்றார். டயரை மாற்றினார், ஸ்டியரிங்கை மாற்றினார், கடைசியில் வண்டியையே மாற்றினார். புது வண்டியும் ஆடியது. டம்ளரும் ஆட ஆரம்பித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. நரம்பு சம்பந்தப்பட்ட வியாதி. அடுத்த வருஷம் அவருக்குச் சட்டைப் பொத்தானைப் பெரியம்மாதான் போட்டுவிட்டாள்.

ஆக, கோளாறு லாரியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அப்பாவிடம் இருக்க வேண்டும். லாரியில் என்றால் ஸ்பானர் போதும். அப்பாவிடம் என்றால் முப்பத்தெட்டு வருஷமாகச் செய்த ஒரே வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். அறுபத்தொரு வயதாகியும் வீட்டில் உட்காரத் தெரியாத மனுஷர் அவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல வீட்டில் இருந்தால், எந்தக் கதவு கீச்சிடுகிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது என்று அம்மாவுக்கு அறிக்கை கொடுப்பார். "புண்ணியமாப் போகும், போய் வண்டியத் துடைங்க" என்று அவளே துரத்திவிடுவாள்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாவு மில்லிலிருந்து ரொட்டிக் கம்பெனிகளுக்கு மூட்டை ஏற்றிப்போகும் லாரி. இருபத்துநான்கு வயது. அப்பா வாங்கிய நாளிலிருந்து வேறு யாரும் அதன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அவரே பெயிண்ட் அடிப்பார். பச்சை. முதலில் வெளியே மட்டும் அடித்தார். அப்புறம் சக்கரத்துக்கு உள்பக்கம், சட்டத்துக்கு அடிப்பக்கம், பெட்ரோல் பங்க் ஆள்கூடப் பார்க்காத இடமெல்லாம் பச்சையாகியது. "அடியில எவன் பாக்கப்போறான்?" என்று கேட்டால், "ஏன், நான் பாக்க மாட்டேனா?" என்பார். லாரி நிறுத்தத்தில் அவருக்குப் பெயர் 'பாலிஷ்'. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே பாதிப் பேர் முழிப்பார்கள்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சாம்பிள் வாங்கி வைக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் வீட்டில் நான் அரை டாக்டர். என் பேச்சை யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

"அப்பா, நரம்பு டாக்டர் எங்க லேப் மாடியிலதான் இருக்காரு. பத்து நிமிஷம். கையக் காட்டிட்டு வந்துடலாம்" என்றேன்.

"கையில என்னம்மா இருக்கு? வண்டி அம்பத்தஞ்சத் தொட்டா நடுங்குது, நாப்பதுல நடுங்கல. நான் எவ்வளவு வேகத்துல போறேன்னு கைக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. பெரியப்பாவும் இதேபோல நியாயமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு தட்டு உடைந்திருக்க வேண்டும். அம்மா முன்யோசனையாகத் தட்டுகளை எடுத்து வைத்துவிட்டாள்.

நீயே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். இருபத்துநான்கு வயது லாரியில் எது நடுங்கவில்லை? கண்ணாடி, கதவு, சீட்டு, என் பல் எல்லாம்தான் நடுங்கியது. அதில் பழைய நடுக்கம் எது, புதுசு எது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதைத்தான் நாங்கள் நம்புவதா வேண்டாமா என்று முழித்துக்கொண்டிருந்தோம்.

பத்து நிமிஷ வேலையைத் தவிர்ப்பதற்காக அப்பா ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார்.

பட்டறைக்காரருக்குப் பெயர் 'கம்பவுண்டர்'. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறாரா கேட்கிறாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. முதல் ஞாயிறு அவர் கேட்டுவிட்டு, டயரை முன்னுக்குப் பின் மாற்றிப் போட்டார். நடுக்கம் போகவில்லை. இரண்டாம் ஞாயிறு சக்கரங்களைக் கழற்றிச் சமன் பார்த்தார்கள். மூன்றாம் ஞாயிறு எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் நான்கையும் மாற்றினார்கள். பழைய ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. நான்காம் ஞாயிறு சீட்டையே பெயர்த்தார்கள். அடியிலிருந்து அம்மாவின் கரண்டி ஒன்றும், என் பள்ளிக்கூட அடையாள அட்டையும் கிடைத்தன. அட்டை பதினெட்டு வருஷத்துக்கு முந்தையது. அதைத் தொலைத்ததற்காக அந்தக் காலத்தில் அப்பா என்னை ஒரு வாரம் திட்டியிருக்கிறார். இப்போது மாவைத் துடைத்து என்னிடம் நீட்டி, "பத்திரமா வெச்சுக்கோ" என்றார்.

ஐந்தாம் ஞாயிறு அப்பா செய்த காரியம் எங்களைக் கலங்க வைத்தது. சாவியைக் கம்பவுண்டரிடம் கொடுத்து, "நீ ஓட்டிப் பாரு" என்றார். கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

கம்பவுண்டர் காலி வண்டியை எடுத்துக்கொண்டு சிக்னல் வரை போய்த் திரும்பினார். அந்தத் தெருவில் நாற்பதுக்கு மேல் போனால் யாராவது அடிபடுவார்கள்.

"ஒண்ணும் தெரியலண்ணே. வண்டி என்னைவிட ஆரோக்கியமா இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேண்ணே." அப்புறம் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தபடி, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "பாப்பா சொல்ற டாக்டரையும் ஒரு எட்டுப் பாத்துடுங்களேன்" என்றார். அவருக்கு நான் முப்பத்துமூன்று வயதிலும் பாப்பாதான்.

அன்று அப்பா சாப்பிடவில்லை. அம்மா பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. அதுக்கப்புறம் வண்டிய வித்துடறேன். யாரும் எதுவும் பேச வேணாம்" என்றார். டாக்டரிடம் வாங்க என்று தொண்டை வறளக் கத்தியவள் நான்தான், ஆனால் அன்று படுக்கையில் கிடந்தபடி லாரியில் ஏதாவது உடைந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

ஆறாம் ஞாயிறும் பட்டறைக்குப் போனேன். கம்பவுண்டர் வண்டிக்கு அடியில் கிடந்தார். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தது. அப்பா ஓரமாக ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தார்.

என் வேலையில் காய்ச்சல் என்று யார் வந்தாலும் எப்போது ஆரம்பித்தது என்றுதான் முதலில் கேட்போம். ஐந்து வாரமாக அதை யாரும் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது, அதை அப்பாமேல் காட்டினேன்.

"எப்போல இருந்துதான் நடுங்குது? அதையாவது சொல்லுங்களேன்!"

"கிராஸ் மாத்தினோம்ல, அதுக்கப்புறம்."

"கிராஸ்னா?"

அடியிலிருந்து கால்கள் பதில் சொல்லின. கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோக ஒரு நீள ராடு இருக்கிறதாம். அதன் இரண்டு முனையிலும் மடங்கிக் கொடுக்கும் மூட்டுதான் கிராஸ். "அது புதுசும்மா, அதுல ஒண்ணும் இல்ல. மூணு தடவ பாத்துட்டேன்."

"அன்னிக்கு வேற என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல" என்றார் அப்பா. "இவன் டீ குடிக்கப் போனான். ராடு கீழ கிடந்துச்சு, துரு புடிச்சு அசிங்கமா. சும்மாதானே உக்காந்திருக்கோம்னு ரெண்டு கோட்டிங் அடிச்சேன்."

கால்கள் அசையாமல் நின்றன.

"எதுக்கு அடிச்சீங்க?" என்றது அடியிலிருந்து குரல்.

"ராடுக்கு."

"ரெண்டு பாதிக்குமா?"

"ஒரு பாதிக்கு அடிச்சிட்டு ஒரு பாதிய விடுவாங்களா?"

கம்பவுண்டர் வெளியே வந்தார். முகத்தில் கிரீஸ் இருந்ததால் என்ன நிறமாகியிருந்தது என்று சொல்ல முடியவில்லை. உப்புத்தாளையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். நானும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தலையை நுழைத்துப் பார்த்தேன். அந்த ராடு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டு. உள்ளே பல் பல்லாக இருக்கும். எந்தப் பல்லில் எது நுழைய வேண்டும் என்பதற்கு, தொழிற்சாலையிலேயே இரண்டிலும் ஆளுக்கொரு அம்புக்குறி குத்தியிருப்பார்கள். அம்பும் அம்பும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கழற்றும்போது கம்பவுண்டர் சாக்பீஸால் ஒரு கோடும் போட்டிருந்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது கோட்டையும் காணோம், அம்பையும் காணோம். ராடு மட்டும் பளபளவென்று இருந்தது. கண்மதிப்பில் சொருகிவிட்டு, அதை அடியோடு மறந்தும்போனார்.

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"எப்படிம்மா கேக்கறது? அண்ணன் அவ்ளோ ஆசையா அடிச்சு வெச்சிருந்தாரு."

அரை மணி நேரம் சுரண்டினார். பச்சைக்கு அடியில் பச்சை, அதற்கடியில் துரு. கடைசியில் இரண்டு அம்பும் தெரிந்தன. ஒன்று ஒரு பல் தள்ளி நின்றது. வெறும் ஒரு பல். மெதுவாகப் போனால் தெரியாது, மூட்டையை ஏற்றிக்கொண்டு ஐம்பத்தைந்தில் போனால் முழு வண்டியையும் உலுக்கும்.

அப்பா எழுந்து நின்றார். "நான்தான் சொன்னேன்ல!" என்று பட்டறை அதிரக் கத்தினார். தப்பும் தன்னுடையதுதான் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. கம்பவுண்டரைக் கட்டிப்பிடித்தார், என் தலையைக் கிரீஸ் கையால் தடவினார். அம்மாவுக்குப் போன் போட்டு, "வண்டிதான்! வண்டியேதான்!" என்றார். அம்மா அந்தப் பக்கம் அழுதாள் என்று நினைக்கிறேன். குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன். பின்னால் இருநூறு மூட்டை மாவு. பாலம் தாண்டியதும் நேர்ச் சாலை. நாற்பது, ஐம்பது, ஐம்பத்தைந்து. என் பல் நடுங்கவில்லை. அறுபதைத் தொட்டோம். லாரி வழுக்கிக்கொண்டு போவதுபோல் போனது. அவர் பாட ஆரம்பித்தார். அவருக்குப் பாட வராது. எனக்கு அந்த நிமிஷம் அதைவிட நல்ல பாட்டு இல்லை. அப்பாவைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷத்தில் வாய் காதுவரை போயிருந்தது.

கொஞ்ச தூரத்தில் பாட்டு நின்றது. மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். அவர் வேகத்தைக் குறைத்தார். இண்டிகேட்டர் போட்டார். வழக்கம்போல மிகச் சரியாக, கோட்டுக்கு வெளியே வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சினை அணைத்தார்.

ஒரு சத்தமும் இல்லை. இரண்டு கையும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன. வலது கை கல்லுபோல இருந்தது. இடது கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், எதையோ உருட்டுவதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இந்த முறை கையை எங்கேயும் கொண்டுபோகவில்லை.

"வண்டி ஆடினப்போ இது தெரியல" என்றார். "இப்போ வண்டி ஆடறது சுத்தமா நின்னுடுச்சு."

"நேத்து சந்தோஷத்துல தூங்கலல்ல. அதனாலயா இருக்கும்ப்பா."

"நீ அரை டாக்டர். நீ வாயில வந்ததச் சொல்லக் கூடாது."

ஆறு வாரமாக நான்தான் சரி என்று சண்டை போட்டவள் நான். சரியாகப் போனதற்காக எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது, உட்கார்ந்தபடியே காலால் லாரிக் கதவை எட்டி உதைத்தேன். உள்பக்கப் பச்சைப் பெயிண்டில் செருப்புத் தடம் விழுந்தது. அதற்குத் திட்டாத அப்பாவைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"உங்க மாடி டாக்டர் எத்தன மணிக்கு வருவாரு?" என்றார்.

காலை பத்து மணிக்கு வருவார். செவ்வாய்க்கிழமை மட்டும் பதினொன்று. ஆறு வாரமாக நாக்கு நுனியில் வைத்திருந்த பதில். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.