திரிசூலத்திலிருந்து மீனம்பாக்கம் வரை

எங்கள் கூட்டத்தில் ஜெபம் பண்ண ஒருவருக்கு ஒரு ஸ்டேஷன் தூரம்தான் கொடுப்பார்கள். வண்டி நகரும்போது கண்ணை மூட வேண்டும். அடுத்த பிளாட்பாரம் வருவதற்குள் ஆமென் சொல்லிவிட வேண்டும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் இடித்துக்கொண்டு போகும்போது ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தால் அவருக்கும் மரியாதை இல்லை, ஜனங்களுக்கும் வழி இல்லை என்று அண்ணன் சொல்வார்.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை ஏழரை மணி மின்சார ரயில். கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டி. பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டவர் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிறவர். மறுநாள் யாருக்கு எந்தத் தூரம் என்று முதல் நாளே அவர் பங்கிட்டுவிடுவார். தாம்பரத்திலேயே பாட்டு தொடங்கிவிடும். சானடோரியம் ஸ்டேஷனில் நர்ஸ் அக்கா ஏறுவார். நாங்கள் எந்த அடியில் இருக்கிறோமோ அந்த அடியைப் படிக்கட்டிலேயே பிடித்துப் பாடிக்கொண்டே உள்ளே வருவார்.

குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே நீண்ட தூரம், அது பழகியவர்களுக்கு. புதிதாக வந்தவர்களுக்குத் திரிசூலத்திலிருந்து மீனம்பாக்கம் வரை. குட்டித் தூரம். அதிலும் பக்கத்திலேயே ஏர்போர்ட், பாதி நாள் தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு போகும். நாம் என்ன சொன்னோம் என்று பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடக் கேட்காது.

"பயப்படாதே தம்பி, கேக்க வேண்டியவருக்குக் கேட்டா போதும்" என்று சொல்லித்தான் அண்ணன் எனக்கு அதைக் கொடுத்தார்.

நான் அப்போது பி.ஏ. முதல் வருஷம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். அப்பா பல்லாவரம் பக்கம் கல் உடைக்கப் போவார். அம்மா தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்ப்பார். வேதப் புத்தகத்தை வீட்டில் நான்தான் வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நகரத்துக் கல்லூரிக்குள் போனபோது வாத்தியார் பேசுவதும் புரியவில்லை, பக்கத்து பெஞ்சுக்காரன் சிரிப்பதும் புரியவில்லை. காலையில் அந்தப் பெட்டியில்தான் என்னை ஒருவர் "வா தம்பி" என்று கூப்பிட்டார்.

அவர்களைப் பார்த்து நான் வியந்துகொண்டே இருந்தேன். யாரும் எதையும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருவர் சும்மா சொன்ன மூட்டுவலியை அக்கா இன்று ஜெபத்தில் பெயர் சொல்லிக் கேட்பார். ஒரு நாள் பல்லாவரத்தில் ஏறிய பூக்கார அம்மாவின் கூடை கவிழ்ந்துவிட்டது. அக்கா அப்போது ஜெபத்தின் நடுவில் இருந்தார். "ஆண்டவரே, கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார். எல்லோரும் குனிந்தோம். கடைசி மல்லிகை மொட்டைக்கூடப் பொறுக்கிக் கூடையில் போட்ட பிறகு அக்கா நிமிர்ந்து, விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார். இப்படி ஒரு பக்தி எனக்கும் வேண்டும் என்று அன்று ஆண்டவரிடம் கேட்டேன்.

ஆனால் என் ஜெபம் இப்படி இருக்காது. முதல் நாள் சாயங்காலமே நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வேன். "சர்வலோகத்தையும் சிருஷ்டித்தவரும் சகலத்தையும் ஆளுகிறவருமாகிய" என்று போகும். அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பார்.

"இன்னாடா இது? ஏசப்பாவாண்ட பேசறதுக்கா எழுதிக்கினு போற? ஆபீசருக்கு மனுவா குடுக்கற?"

எங்களுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சீட்டுக் கோஷ்டி இருந்தது. நான்கு பேர் எதிரெதிராக உட்கார்ந்து, முழங்கால்களின் மேல் ஒரு துண்டை விரித்து ரம்மி ஆடுவார்கள். அதன் தலைவர் அஸ்தினாபுரத்துக்காரர். பாரிமுனையில் ஒரு இரும்புக் கடையில் வேலை. நெற்றி நிறைய விபூதி. குரோம்பேட்டையில் ஏறியதும் துண்டை உதறுவார். எங்கள் பாட்டு சுருதி தப்பினால், "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கு சாமிக்கே காது வலிக்கும் போலக்கீதே" என்பார். அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார். "நீங்க வேணா வந்து எடுத்துக் குடுங்க சார்" என்பார். ஜெபம் நடக்கும்போது மட்டும் அந்த நால்வரும் சீட்டைச் சத்தமில்லாமல் போடுவார்கள். அது யாரும் சொல்லாமல் வந்த ஒப்பந்தம்.

அந்த ஏப்ரலில் எனக்கு ஆங்கிலத் தாள் பயமாக இருந்தது. கூட்டத்தில் சொன்னேன். பரீட்சைக்கு முந்தைய ஒரு வாரம் முழுக்க, தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை ஒவ்வொரு தூரத்திலும் என் ஆங்கிலத் தாள் இருந்தது. கிண்டியில் இறங்கி லேத் பட்டறைக்குப் போகிற ஒரு டர்னர் தனக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துக்கூட வராது என்று சொல்லிக்கொண்டே எனக்காகக் கண்ணீர் விட்டார்.

ஜூனில் கல்லூரி திறந்த வாரம் ரிசல்ட் வந்தது. மற்ற எல்லாம் பாஸ். ஆங்கிலம் ஃபெயில்.

வீட்டில் சொல்வது சுலபமாக இருந்தது. "திருப்பி எழுதலாமில்ல?" என்று அம்மா கேட்டார். எழுதலாம் என்றேன். "அப்பால இன்னா? கை கால் கழுவிக்கினு வந்து துன்னு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பெட்டியில் அப்படி இல்லை. வண்டி குரோம்பேட்டையை விட்டதும், "தம்பி, ரிசல்ட் வந்துச்சா?" என்று அண்ணன் கேட்டார். பன்னிரண்டு முகமும் திரும்பியது. எதிர்ப்பக்கம் சீட்டு நின்றது. ரம்மித் தலைவர் கையிலிருந்த சீட்டை விசிறி போலப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆமா, ஒரு வாரம் வண்டி பூரா உனக்குத்தானே பூசை நடந்துச்சு. இன்னா சொன்னாரு உங்க ஆளு? பாஸ் போட்டாரா, இல்ல கைய விரிச்சிட்டாரா?"

அந்தக் கேள்விக்கு ஃபெயில் என்று எப்படிச் சொல்வது? என் மானம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் ஆண்டவருடைய மானம்தான் கண்ணில் நின்றது. அந்தத் துண்டுக்கு முன்னால், அந்தச் சிரிப்புக்கு முன்னால், அவரைத் தோற்க விடக் கூடாது என்று தோன்றியது.

"பாஸ்" என்றேன்.

"ஸ்தோத்திரம்!" என்று பெட்டியே அதிர்ந்தது. டர்னர் என்னைக் கட்டிப் பிடித்தார். ரம்மித் தலைவர் புருவத்தை உயர்த்தி, "பரவால்லியே" என்று சொல்லி ஒரு சீட்டை இறக்கினார். மறுநாள் அக்கா எவர்சில்வர் தூக்கில் கேசரி கொண்டுவந்தார். எதிர்ப்பக்கத்து நால்வருக்கும் வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். எனக்கு இரண்டு பங்கு. அந்தக் கேசரியில் முந்திரி நிறைய இருந்தது என்பது இன்றும் நினைவிருக்கிறது, ருசி நினைவில்லை.

ஆண்டவரைக் காப்பாற்ற நான் யார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதற்குள் அடுத்த பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டால் பொய்யும் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் ஒருவர் மறக்கவில்லை. அடுத்த புதன்கிழமை ரம்மித் தலைவர் குரோம்பேட்டையில் ஏறித் துண்டை உதறவில்லை. நேராக எங்கள் பக்கம் வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

"அண்ணாத்தே, ஒரு விஷயம்" என்று அண்ணனிடம் சொன்னார். "என் பொண்ணு பத்தாவது. கணக்குல பூட்டுது. ரெண்டு நாளா சோறு துன்னல. செவுத்தப் பாத்து ஒக்காந்துகினு கீது. செப்டம்பர்ல எழுதலாம்மான்னா, இனிமே பேனாவத் தொடமாட்டேன்றா. வூட்ல ஒரே பேஜாரு. எனக்கு பயமா கீது."

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பவே ஜெபம் பண்ணுவோம் சார்."

"நீ இல்ல. தப்பா நினைச்சுக்காத" என்று சொல்லி அவர் என்னைக் காட்டினார். "இந்தத் தம்பி பண்ணட்டும். இவனுக்குத்தானே கேட்டுச்சு. நான் இத்தினி நாளா உங்களக் கலாய்ச்சவன்தான். ஆனா இவன் பாஸ்னு சொன்னான் பாரு, அன்னிலேர்ந்து எனக்கு ஒரு மாதிரியாத்தான் கீது."

நாளைக்குப் பண்ணுகிறேன் என்று எப்படியோ சொன்னேன். அண்ணன் எனக்குக் குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் வரை கொடுத்தார். பெரிய தூரம். வேண்டாம் அண்ணா, என் பழைய தூரமே போதும் என்றேன். அவர் அதைத் தாழ்மை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். நான் நினைத்தது விமானத்தை.

அன்று சாயங்காலம் நோட்டை எடுத்தேன். "சர்வலோகத்தையும்" என்பதற்கு மேல் போகவில்லை. சொல்லாமல் இருந்தால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்காக ஒரு பொய்யின் மேல் நின்று கேட்க வேண்டும். சொன்னால், அவளுடைய அப்பாவுக்கு இருக்கிற ஒரே பிடியும் போய்விடும். எனக்கு அந்தப் பெட்டியும் போய்விடும். அம்மா விளக்கு வைத்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து தன் ஜெபத்தைச் செய்துகொண்டிருந்தார். "ஏசப்பா, இன்னிக்கு அந்த மூணாம் நம்பர் வூட்டம்மா மேல கோவத்துல ஒரு தட்ட வேணும்னே ஒடைச்சேன். நாளைக்குச் சொல்லிடறேன். அது கத்தும். நீ பாத்துக்கோ." பிறகு எழுந்து அடுப்பை மூட்டப் போய்விட்டார். நான் நோட்டை மூடி வைத்தேன்.

மறுநாள் திரிசூலத்தில் வண்டி நின்றபோது ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தினமும் காதைக் கிழிக்கிற விமானம் அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. வண்டி நகர்ந்தது. ரம்மித் தலைவர் எனக்கு முன்னால் கைகட்டி நின்றார். நான் கண்ணை மூடினேன்.

"ஏசப்பா" என்றேன். நோட்டில் எழுதாத வார்த்தைகள் வீட்டிலிருந்து வந்தன. "நான் ஃபெயிலு. இங்கிலீஷ்ல பூட்டுச்சு. இவங்கல்லாம் உன்னக் கேலி பண்ணுவாங்கன்னு பாஸுன்னு சொல்லிட்டேன். அக்கா கேசரி குடுத்தாங்க, அதையும் துன்னுட்டேன். இந்தப் பெரியவரு என்ன நம்பிக்கினு வந்து நிக்கறாரு. அவரு பொண்ணு சோறு துன்னணும். நான் பொய்யன்னு அந்தப் பொண்ணக் கைவுட்டுடாதே. ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. மீனம்பாக்கம் பிளாட்பாரம் வரவும் இல்லை; பாதித் தூரம் மிச்சம் இருந்தது. கண்ணைத் திறக்க எனக்குத் தைரியமில்லை.

முதலில் அக்காவின் குரல்தான் கேட்டது. "ஆமென்" என்றார், எப்போதும் போல. பிறகு குரலைத் தாழ்த்தி, "கேசரிக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அடுத்த பரீட்சை எப்ப?" என்று கேட்டார்.

"அக்டோபர், அக்கா."

"சரி. அப்ப மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார் அண்ணன். கண் கலங்கியிருந்தது, ஆனால் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர்கள் என்னைக் கண்டித்திருந்தால் தாங்கியிருப்பேன். இப்படி, கீழே கொட்டிய பூவைப் பொறுக்குவது போல என்னையும் பொறுக்கி எடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன்.

பழவந்தாங்கல் போனது. பரங்கிமலை போனது. கிண்டியில் டர்னர் இறங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகுதான் ரம்மித் தலைவர் வாயைத் திறந்தார்.

"அப்ப நீயும் ஃபெயிலா?"

"ஆமாங்க."

"நெசமாவா? மார்க் ஷீட்டு கீதா?"

"இருக்கு. என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிப்ப வுடு. ஞாயித்துக்கெழம அத எடுத்துக்கினு வூட்டாண்ட வா" என்றார். "பாஸானவன் பத்துப் பேரு வந்து சொல்லிட்டான், மேல் வீட்டுப் பையன், அவ பெரியப்பா புள்ள. ஒருத்தன் பேச்சும் அவ காதுல ஏறல. ஃபெயிலானவன் ஒருத்தன் வந்து சொன்னதில்ல."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குரோம்பேட்டையில் இறங்கி அஸ்தினாபுரத்துக்கு நடந்தேன். சட்டைப் பையில் மார்க் ஷீட் நான்காக மடித்திருந்தது. அந்தப் பெண் உள் அறையில், சொன்னபடியே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் காகிதத்தைத் தரையில் விரித்து அவள் பக்கம் தள்ளினேன். வெகுநேரம் பார்க்காமல் இருந்தாள். பிறகு பார்த்தாள்.

"இது உங்களுதா?"

"என்னுதுதான்."

"அப்பா உங்கள பாஸுன்னாரே?"

"நான்தான் அப்படிச் சொன்னேன். பொய்."

"ஏன்?"

"சாமி பேரு கெட்டுப்போயிடும்னு."

அவள் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "உங்க மார்க்காலயா சாமிக்குப் பேரு கெடும்?" என்றாள். வாசலில் நின்ற அவளுடைய அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். "என்னவிட ரெண்டு மார்க் கம்மி" என்று யாரிடமோ சொன்னாள்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை குரோம்பேட்டையில் ரம்மித் தலைவர் ஏறினார். தோழர்கள் இடம் போட்டு வைத்திருந்தார்கள். அவர் துண்டை உதறி முழங்காலில் விரித்தார். சீட்டைக் கலைத்துக்கொண்டே, எங்கள் பக்கம் பார்க்காமல், பாட்டு நிற்கிற இடத்துக்காகக் காத்திருந்து சொன்னார்:

"நேத்து சாயங்காலம் ரெண்டு இட்லி துன்னா."

அக்கா மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றார். செப்டம்பரும் அக்டோபரும் இன்னும் தூரத்தில் இருந்தன. ஜெபம் கேட்கப்பட்டதற்கு அன்றைய சாட்சி அதுதான். அடுத்த தூரம் யாருக்கு என்று அண்ணன் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.