சிவப்பு ஸ்டிக்கர் வழியாக எடுத்த படங்கள்

சூளகிரி பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாதென்று, கேட்டிலேயே எங்கள் போன் கேமரா மேல் மெல்லிய சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். ஒருநாள் வெளியே வந்த பிறகும் அதைப் பிய்க்க மறந்து, பஸ் நிறுத்தத்தில் சாயங்கால வெயிலைப் படம் எடுத்துவிட்டேன். படத்தில் பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை. சிவப்புக்குள் கசிந்த வெளிச்சம் மட்டும் விழுந்திருந்தது. எனக்கு அது பிடித்துவிட்டது. அதன்பின் வேண்டுமென்றே ஸ்டிக்கரோடு எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன்.

அதைப் பார்த்த சூப்பர்வைசர், ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் எல்லார் முன்னாலும் என்னை நிறுத்தி, என் போனை வாங்கிப் படங்களைப் பார்த்தார்.

"இது எந்த மெஷின்மா?"

"மெஷின் இல்ல சார், வெளிய எடுத்த வெயிலு."

"வெயிலுன்னா சூரியன் எங்க?"

"அது இருந்தாத்தான் படமா சார்?"

"மொளகாத்தூளு சார் அது," என்றாள் கூட வேலை செய்பவள். எல்லாரும் சிரித்தார்கள்.

அவருக்குக் கோபம் ஏறியது. "எல்லாத்தையும் அழி. இல்லன்னா வேலைக்கு வராத."

எனக்கும்தான் ஏறியது. "இதுல கம்பெனி ரகசியம் எங்க இருக்குன்னு வெரல வெச்சுக் காட்டுங்க சார். அப்பவே அழிக்கிறேன்."

போனைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். விரல் எங்கேயும் போய் நிற்கவில்லை. போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, ஒரு படத்தையும் அழிக்காமல் என் மெஷினுக்குப் போனேன்.