காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்

திராட்சை ரசம் தயாரிக்கும் கன்னியர் மடம் ஒன்றுக்கு வெப்சைட் செய்யப்போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று, அம்மா எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை ஊற்றாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். எங்கள் வீடு அய்யாவழி மார்க்கம். மது என்ற பேச்சே வீட்டுக்குள் வரக்கூடாது. இது குடிக்கிற ஒயின் இல்லை, கிறிஸ்தவக் கோயில்களில் பூசைக்கு வைப்பது, சாமியார் ஒரு வாய் குடிப்பார், அவ்வளவுதான் என்று விளக்கினேன்.

"எதுக்கா இருந்தா என்ன? குப்பியில வாறது குப்பியில வாறதுதான்" என்றாள் உள்ளேயிருந்து. பிறகு குழம்பு வந்தது.

நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஓர் அறையும் இரண்டு கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு நான் தனியாகத் தொழில் நடத்திய காலம் அது. அதற்கு முன் ஆறு வருடம் திருவனந்தபுரத்தில் கம்பெனி வேலை. தினமும் விடியற்காலையில் இரணியலில் ரயில் ஏறி, இருட்டிய பிறகு அதே இடத்தில் இறங்கி, ஒருநாள், போதும் என்று தோன்றியது. தனியாக வந்த பிறகு எனக்குக் கிடைத்ததெல்லாம் கன்னியாகுமரி லாட்ஜுகளும் ரிசார்ட்டுகளும்தான். அறை பதிவு செய்வது, காலி அறையைக் காட்டுவது, வந்தவர் விவரம் எழுதுவது என்று அவரவர் தேவைக்கு அளவெடுத்துத் தைப்பதுபோல் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பேன். வேலை தெரிந்தவள் என்ற தலைக்கனம் எனக்கு உண்டு. முன்கோபமும் உண்டு. இரண்டையும் வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் நான் எழுதியது நடுவில் நின்றுபோகாது.

முதலில் செய்து கொடுத்த லாட்ஜில் ஒரு பாடம் கற்றேன். விருந்தாளி எதற்காக வந்திருக்கிறார் என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். சுற்றுலா, கோயில், திருமணம், வியாபாரம் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் பெருந்தன்மையாக 'மற்றவை' என்றும் சேர்த்திருந்தேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அங்கே வந்து தங்கிய மனிதர்கள் அத்தனை பேரும் 'மற்றவை'க்காகத்தான் வந்திருந்தார்கள். தாலி கட்டிய கையோடு மாலை வாடாமல் வந்த தம்பதிகூட 'மற்றவை'. வரவேற்பில் இருந்தவருக்குப் பட்டியலைப் படிக்கச் சோம்பல். அன்றிலிருந்து நான் எழுதும் எந்தப் பட்டியலிலும் 'மற்றவை' வைப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். அதைப் பெரிய கண்டுபிடிப்புபோல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

மடத்து வேலை அப்போதுதான் வந்தது. எங்கள் மாவட்டத்துக்கு வெளியே, திராட்சை விளைகிற ஊர் ஒன்றில் இருந்தது அந்த மடம். பங்குக் கோயில்கள் இதுவரை கடிதம் எழுதியும் போன் செய்தும் ரசம் கேட்டுக்கொண்டிருந்தன, இனிமேல் வெப்சைட்டில் கேட்கட்டும் என்று தலைமைச் சகோதரி நினைத்தார். அரசாங்க உரிமத்தில் நடக்கும் காரியம் என்பதால் ஒரு குப்பிகூடத் தவறான கைக்குப் போகக்கூடாது என்ற பயம் அவருக்கு. "வழக்கமா வாங்குறதைவிட ரெண்டு மடங்குக்கு மேல யாராவது கேட்டா, ஏன்னு கேக்கணும்" என்றார். கேட்கவைத்தேன். அளவு கூடினால் ஆர்டர் அப்படியே நிற்கும். திரையில் சிவப்பு எழுத்தில் 'காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்று வரும். கீழே ஐந்து காரணங்கள்: திருவிழா, திருமணம், பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை, மரணம், குப்பி உடைந்தது. அவ்வளவுதான். ஒன்றைத் தொடாமல் மேலே போக முடியாது.

அதைப் பழக்கிக் கொடுக்க நாகர்கோவிலில் ஒரு கூடத்தில் வகுப்பு வைத்தார்கள். முன்வரிசையில் அறுபது வயதைத் தொட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடியப்பட்டணத்தை அடுத்த ஒரு கடற்கரை ஊரின் கோயில்பிள்ளை. கோயிலைத் திறப்பது, மணியடிப்பது, பூசைக்கு வேண்டியதை எடுத்துவைப்பது எல்லாம் அவர்தான். இளம் வயதில் கடலுக்குப் போன கை, மவுஸ் அதற்குள் காணாமல் போயிருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டவர், கடைசியில், மகளை அழைப்பதுபோல் என்னை மக்களே என்று அழைத்து, ஒன்று கேட்டார்.

"இதுல இல்லாத காரியம் ஒண்ணு வந்தா என்ன செய்ய மக்களே?"

"அப்படி ஒண்ணும் வராது ஐயா" என்றேன். 'மற்றவை' கதையையும் சொன்னேன். கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் கேட்டதற்குப் பதில் கிடைக்காதவரின் சிரிப்பு அது. அப்போது எனக்கு அது தெரிந்தே இருந்தது. நேரமாகிவிட்டது என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

பிறகு புயல் வந்தது. எந்தப் புயல் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் வீட்டைச் சுற்றி இருந்த வாழை முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வந்தபோது என் போனில் முதலில் கொட்டியதெல்லாம் லாட்ஜ்காரர்களின் புலம்பல்: பதிவுகள் ரத்து, ரத்து, ரத்து. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்பதைத் தெரிந்துதான் வைத்திருந்தேன். கடற்கரை ஊர்களில் பெண்கள் கடலில் தேடச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டு மனது கஷ்டப்படவும் செய்தது. ஆனால் அது வேறு ஊர்க்காரர்களின் துக்கமாக, பத்திரிகையில் வாசித்து மடித்து வைக்கிற துக்கமாகத்தான் எனக்கு இருந்தது. பொய் சொல்வானேன்.

வெப்சைட்டின் அடியில் உதவிக்கென்று போட்டிருந்தது என் சொந்த எண். ஒரு மத்தியானம் அதில் கோயில்பிள்ளை கூப்பிட்டார். பின்னால் ஜெனரேட்டர் ஓடும் சத்தம்.

"மக்களே, ரசம் கேட்டா இது அனுப்ப மாட்டங்குது. காரணம் கேக்குது."

பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு மூன்று குப்பி வாங்குகிற கோயில், பன்னிரண்டு கேட்டிருந்தது.

"அதுல ஒண்ணைத் தொட்டுட்டு அனுப்புங்க ஐயா. அன்னைக்கே காட்டித் தந்தேம்லா."

"பாத்தேன். எங்களுக்க காரியம் அதுல இல்ல. இங்க வீட்டுக்கு வீடு பூசை கேக்காவ. கடக்கரையில காலையும் சாயந்திரமும் நடக்குது. வெளியில இருந்தும் சாமிமாரு வந்து வச்சித் தாறாவ."

"கிறிஸ்மஸ் வருதுல்லா? திருவிழான்னு போடுங்க."

"பூசைக்குள்ள ரசத்துக்குப் பொய் சொல்லச் சொல்லுதியா?"

அன்று காலையிலிருந்து ஏழெட்டுப் பேரிடம் பேசி எனக்கு அலுத்திருந்தது. "அப்பம் மரணம்னு போடுங்க ஐயா. அதுதானே காரியம்" என்றேன்.

ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"ஆருக்க மரணம்?" என்றார்.

திரையில் அந்த ஐந்து காரணங்களையும் மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தேன்.

"எனக்க மருமவன் கடல்ல நிக்கான். போட்டும் வரல்ல, ஆளும் வரல்ல. அவன மாதிரி ஊருல இன்னும் உண்டு. எனக்க மவ கழுத்துல தாலி கெடக்கு. நான் எனக்க கையால மரணம்னு அமுக்கணுமா?" கோபமே இல்லாமல்தான் கேட்டார். "வேண்டாம் மக்களே. இருக்கத வச்சி சொட்டு சொட்டா விட்டுக்கிடுதோம். அது மதி, போதும்."

போனை வைத்துவிட்டார். நிறுத்தி வைத்த ஆர்டரை நானே உள்ளே போய் விடுவிக்க முடியும். விடுவித்தேன்; இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே அதைச் செய்திருக்கலாம். செய்யாமல் ஒரு மனிதரை அந்தச் சொல்வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ரசம் பார்சலில் நாகர்கோவிலுக்கு வந்தபோது நானே எடுத்துக்கொண்டு போனேன். அட்டைப்பெட்டியை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் இறுக்கி வைத்து, பள்ளம் மேடு பார்த்து ஓட்டினேன். அம்மாவிடம் சொல்லித்தான் கிளம்பினேன். குப்பியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "பைய போ" என்றாள்.

அந்த ஊரில் இன்னும் கரண்ட் வரவில்லை. கோயில் ஜெனரேட்டரில் ஊர் போன்களையெல்லாம் சார்ஜுக்குப் போட்டிருந்தார்கள். பெஞ்சு நிறைய போன். மற்றவர்கள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும் அசையாமல் தன் போன் பக்கத்திலேயே இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். "எனக்க மவ" என்றார் கோயில்பிள்ளை. "அவன் கூப்பிடும்போ அணைஞ்சி கெடக்கக்கூடாதுன்னு இருக்கா."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டேன். "விடு மக்களே, நீ என்ன செய்வ" என்று பெட்டியை வாங்கி உள்ளே கொண்டு போனார். நான் அவருடைய மேசைமேல் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யார் என்ன கருத்துக்காக, என்ன வேண்டுதலுக்காகப் பூசை கேட்கிறார்கள் என்று எழுதி வைக்கும் நோட்டு. பழைய பக்கங்களில் மனிதர்களுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்கு. துபாய் விசா கிடைக்க. எஞ்சின் பழுது நீங்க. சுகப்பிரசவம் ஆக. மவன் குடியை நிறுத்த. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு வரி கொடுத்திருந்தார். எதையும் எந்தப் பெட்டிக்குள்ளும் அடைக்கவில்லை. புயலுக்குப் பிறகான பக்கங்களில் பெயர்கள் மட்டும் மாறின. எதிரே எல்லா வரியிலும் ஒரே கையெழுத்தில் ஒரே கருத்து: சுகமாய்த் திரும்பி வர.

என் சபதத்தை அன்று சாயந்திரமே விட்டேன். காரணம் கட்டாயமில்லை என்று மாற்றினேன். ஐந்து காரணங்களுக்குக் கீழே அவரவர் எழுத ஒரு வெற்றுப் பெட்டி வைத்தேன். ஆறாவதாக ஒரு காரணத்தை எழுதிப் பட்டியலின் தலையில் வைத்தேன்: 'திரும்பி வர வேண்டி.' தலைமைச் சகோதரியிடம் சொன்னபோது, "முதல்லயே நாங்க கேட்டிருக்கணும்" என்றார். அது அவர் கேட்க வேண்டியது இல்லை, நான் கேட்க வேண்டியது. என்னிடம்தான் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருந்தார்.

அதன்பிறகு அந்தக் கோயிலின் ஆர்டர்கள் பழைய அளவுக்கே வந்தன. மூன்று குப்பி. காரணம் சொல்லவே வேண்டாத அளவு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவர் காரணத்தைத் தொட்டுத்தான் அனுப்பினார். திரும்பி வர வேண்டி. இரண்டு மாதம் கழித்து, திரும்பி வர வேண்டி. ஈஸ்டருக்கு, திரும்பி வர வேண்டி. மற்ற கோயில்கள் எதுவும் காரணம் கேட்கும் இடத்தைச் சீண்டுவதுகூட இல்லை. மடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் அந்த வரி வரும்போதெல்லாம் நான் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போவேன். எனக்குப் பூசையும் தெரியாது, அவர் சாமியும் தெரியாது. ஆனால் அந்த வரி வந்துகொண்டிருக்கும்வரை அந்தப் பெண்ணின் போன் அணையாமல் இருக்கிறது என்று எனக்குள் ஒரு கணக்கு.

இரண்டு வருடம் இப்படிப் போனது. புயல் வந்த கார்த்திகை மறுபடியும் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆர்டர் வந்தது. மூன்று குப்பி. காரணம்: மரணம்.

தவறிக் கைபட்டிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. போன் செய்தேன்.

"கண்டியா மக்களே?" என்றார், எதற்குக் கூப்பிட்டேன் என்று சொல்வதற்கு முன்பே.

"தெரியாமப் பட்டுட்டோன்னு கேக்கேன் ஐயா. மாத்தணும்னா நான் மாத்தித் தாறேன்."

"மாத்தாண்டாம். போன ஞாயிறு பூசை முடிஞ்சி எனக்க மவ வந்து சொன்னா. அப்பா, ரெண்டு வருசமா நாம வா வான்னு விளிச்சிட்டே இருக்கோம், அவரு எப்படி இளைப்பாறுவாரு, இனி ஆன்மாவுக்குப் பூசை கேளுங்கன்னு. நான் கம்ப்யூட்டர்ல எல்லாம் எடுத்து வச்சேன். அந்த எடத்துல வந்ததும் எனக்குக் கை ஓடல்ல. அவதான் வந்து அமுக்கினா."