சம்புக் கூடை முடைந்த பொன்னாத்தாள்

காந்திபுரத்தில் வீட்டு அலங்காரச் சாமான் விற்கும் ஒரு கடையில் ஆறு வருடமாகக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள் பொன்னாத்தாள். வயது ஐம்பத்தொன்று. தாராபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்து, விவரம் தெரிந்த நாளிலிருந்து காட்டுவேலைக்குப் போனவள். களை எடுப்பாள், கதிர் அறுப்பாள், வேறு வேலை இல்லாத நாளில் தென்னங்கீற்று முடைவாள். இடக்கைப் பழக்கம் உள்ளவள் என்பதால் அவள் முடைந்த கீற்றின் பின்னல் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். கணவன் சின்னானுக்குச் சிங்காநல்லூரில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்த பிறகு இருவரும் கோயமுத்தூர்வாசிகள் ஆகிவிட்டார்கள்.

கடை ஹாரிகாவுடையது. மில் நடத்திய குடும்பத்துப் பெண். முப்பத்தெட்டு வயதுக்குள் சொந்தமாக ஒரு கடையை நிற்க வைத்திருந்தாள். அந்த வருடம் சீனாவிலிருந்து நாற்பது புல்கூடைகள் தருவித்தாள். மஞ்சள் ஆற்றங்கரைக் கிராமங்களில் பெண்கள் கையால் முடைபவை. ஆனைகட்டிப் பக்கம் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு விடுதிக்கு நாற்பதும் வேண்டும், அறைக்கு ஒன்று என்று கணக்கு.

பெட்டிகளைப் பிரித்த அன்று ஹாரிகாவின் முகம் செத்துப்போனது. வரும் வழியில் எங்கோ தண்ணீர் புகுந்து, அடிப்பெட்டியில் இருந்த ஒன்பது கூடைகள் நசுங்கிக் கறுத்துப் போயிருந்தன. மறுபடி வரவழைக்க மூன்று மாதம் ஆகும். விடுதி திறக்க ஆறு வாரம்தான் இருந்தது.

"இந்த ஒம்பதும் போச்சுங்க அக்கா. குப்பை வண்டி வந்தா போட்டுருங்க" என்றாள் ஹாரிகா.

பொன்னாத்தாள் ஒன்றை எடுத்தாள். விளிம்பு பிய்ந்து ஒரு புல் நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தாள். உள்ளே பஞ்சுபோல் மெத்தென்று இருந்தது. மூக்குக்கு அருகே கொண்டுபோனாள்.

"அம்மணி, இது சம்புங்க."

"என்னதுங்க அக்கா?"

"எங்கூரு வாய்க்கால்ல ஆளுசரத்துக்கு நிக்குமுங்க. நுனியில சுருட்டாட்டம் பழுப்பா ஒண்ணு உடுமே, அந்தப் புல்லு. நாங்க அதைய வெட்டி வரப்புல எறிவமுங்க. அதுல போயி இப்படிச் செஞ்சிருக்கறாங்க பாருங்க." சற்று நின்று கேட்டாள்: "ஒண்ணைய ஊட்டுக்குக் கொண்டு போகட்டுங்களா?"

வீட்டில் அந்தக் கூடையை அவள் சரிசெய்யவில்லை. பிரித்தாள். விளிம்பில் தொடங்கி அடிவரைக்கும், ஒவ்வொரு சுற்றாக, எந்தப் புல் எதன்மேல் ஏறி எதன்கீழ் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே பிரித்தாள். இரண்டு நாளில் கூடை ஒரு புல்கட்டாகிவிட்டது. ஆனால் கூடை எப்படி எழும்பியது என்பது அவளுக்குள் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்னானைக் கூட்டிக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறினாள். அமராவதி வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் இறங்கி அவர் அரிவாளால் அறுக்க, அவள் கரையில் நின்று கட்டினாள்.

"இந்தக் குப்பையச் சொமந்துக்கிட்டு டவுனுக்குப் போனா சிரிப்பாங்க புள்ள" என்றார் சின்னான்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நீங்க அடியோட அறுங்க."

முதல் கூடை தோற்றது. காய்ந்த புல் முறுக்கும்போதே ஒடிந்தது. இரண்டாவதற்கு ஊறவைத்தாள், நிறைய ஊறிவிட்டதால் முடைந்து காய்ந்ததும் சுருங்கி, சுற்றுக்குச் சுற்று விரல் நுழையும் சந்து விழுந்தது. பிறகு அவளே ஒரு வழி கண்டாள். நனைத்த புல்லை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, நீரெல்லாம் வடிந்து பதம் மட்டும் மிஞ்சியதும் எடுத்தாள். அடிப்பக்கம் பன்னிரண்டு புல்லைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, முறுக்கிக்கொண்டே சுற்றினாள். மூன்றாவது கூடை உருண்டு திரண்டு நின்றது. தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் கையை ஊன்றி அழுத்தினாள். அசையவில்லை. அன்றைக்கு அவள் சோறாக்கவில்லை. சின்னான் கடையில் இட்லி வாங்கி வந்தார்.

மறுநாள் அந்தக் கூடையைக் கடையில் இருந்த சீனக் கூடைகளோடு வைத்துவிட்டு, "இதுல ஒண்ணு என்னுதுங்க அம்மணி" என்றாள். ஹாரிகா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினாள். பத்து நிமிடம் ஆயிற்று. சுட்டிக் காட்டியது சீனக் கூடையைத்தான்.

மீதி எட்டையும் முடையச் சொன்னாள் ஹாரிகா. ஐந்து வாரத்தில் ஒன்பது கூடைகளும் தயாராயின. வாங்கிப்போக விடுதி மேனேஜர் மதன்குமார் தன் வேனோடு வந்தார். இதில் ஒன்பது இங்கே முடைந்தவை என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஹாரிகா இருந்தாள். அதற்குள் அவர் ஒரு கூடையை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டார்.

"பாருங்க, சைனா வேலைன்னா சைனா வேலைதான். இந்த ஃபினிஷிங் நம்ம ஆளுகளுக்கு வராதுங்க."

அவர் கையில் இருந்தது பொன்னாத்தாள் முடைந்தது. சொன்னால் ஆர்டர் போய்விடுமோ என்று ஹாரிகா ஒரு கணம் தயங்கினாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு பொன்னாத்தாள் முன்னால் வந்தாள்.

"ஏனுங்க, அது நான் செஞ்சதுங்க."

மதன்குமார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு கூடையை எடுத்து இரண்டையும் அடிப்பக்கம் தெரியக் கவிழ்த்தாள்.

"இது அவங்க செஞ்சதுங்க. முறுக்கு வலப்பக்கமாப் போகுது. நான் பீச்சாங்கைக்காரிங்க, என்னுது இடப்பக்கமாப் போகும். மொத்தம் ஒம்பது இருக்குதுங்க. எண்ணிப் பாருங்க."

அவர் உண்மையிலேயே உட்கார்ந்து எண்ணினார். ஒன்பது இருந்தன. எழுந்தவர் கூடையை மெதுவாகக் கீழே வைத்தார். "எங்கீங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டபோது அவர் குரலில் மரியாதை கூடியிருந்தது.

"அவங்க செஞ்சதையப் பிரிச்சுத்தானுங்க."

நாற்பதும் வேனில் ஏறின. போகும்போது அவர் இன்னும் இருபது கேட்டார், அத்தனையும் இடப்பக்க முறுக்காக.

ஹாரிகா இந்தக் கதையைச் சீனாவில் கூடை அனுப்பியவர்களுக்கு எழுதிவிட்டாள். ஒரு நாள் காலை அவர்களே வீடியோ காலில் வந்தார்கள். திரையில், அந்தக் கூடைகளை முடைகிறவர்களில் ஒருவரான சுன்மெய் என்றொரு பெண் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பொன்னாத்தாள் வயதுதான் இருக்கும். அங்கிருந்த ஒரு இளைஞன் அவர் பேச்சை ஆங்கிலத்தில் சொல்ல, ஹாரிகா தமிழில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருமே தேவைப்படவில்லை. சுன்மெய் கூடையின் அடியைக் காட்டச் சொன்னார், முறுக்கைப் பார்த்துத் தன் இடக்கையைத் தூக்கி ஆட்டினார், பிறகு கட்டை விரலை உயர்த்தினார். விளிம்பு மடித்த இடத்தைப் பார்த்து உச்சுக்கொட்டித் தலையை ஆட்டினார். அது பலவீனம் என்று பொன்னாத்தாளுக்குப் புரிந்தது. அவர் மூன்று முறை மெதுவாக மடித்துக் காட்டினார். இவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அதேபோல் மடித்துக் காட்டினாள். கடைசியில் சுன்மெய் ஒரு செருப்பை எடுத்து நீட்டினார். குளிர்காலத்துக்குச் சம்பிலேயே முடைந்த செருப்பு.

"காலுக்குமா?" என்று பொன்னாத்தாள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஹாரிகா அதுவரை பார்த்ததில்லை.

இப்போது கடையில் கூட்டித் துடைக்க வேறு ஆள். பின்பக்க அறையில் பொன்னாத்தாளும் அவள் தெருக்காரப் பெண்கள் நான்கு பேரும் முடைகிறார்கள். கூடையில் கட்டும் சீட்டில் என்ன அச்சடிப்பது என்று ஹாரிகா கேட்டபோது, "வேலை அவங்க ஊரு வேலைன்னு போடுங்க அம்மணி. புல்லு அமராவதிதுன்னு போடுங்க. அடியில எம்பேரைய முழுசாப் போட்டுருங்க" என்றாள். அப்படியே வந்தது.

போன மாதம் புல் அறுக்கப் போனபோது வாய்க்கால் ஓரத் தோட்டத்துக்கார அம்மா ராசாத்தாள் வரப்பில் வந்து நின்றார். ஒரு காலத்தில் பொன்னாத்தாள் அவர் தோட்டத்தில் களை எடுத்தவள்தான். அப்போதெல்லாம் அந்த அம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகம் இல்லை.

"பொன்னாத்தா, பேத்திக்குக் கல்யாணமுங்க. தாம்பூலம் வெக்க ஒரு அம்பது கூடை வேணுமே. பதினஞ்சு நாள்ல ஆகுமா?"

பொன்னாத்தாள் புல்கட்டை இறக்கி வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணம் எப்பங்க?"

"தையில."

"அப்பத் தை பொறக்கறதுக்கு முன்னால தாரேனுங்க. பதினஞ்சு நாள்ல ஆகாதுங்க. உங்களுக்கு முன்னால பெங்களூருக்காரங்க ஆர்டர் குடுத்துட்டு நிக்கறாங்க."

ராசாத்தாள் சரி என்று தலையாட்டினார். ஆர்டரை எழுதிக்கொள்ள பொன்னாத்தாள் இடுப்பிலிருந்த போனை எடுத்தாள். ராசாத்தாள் வரப்பிலேயே காத்து நின்றார்.