மூன்று கால் பறவை

என் கணவர் கத்தாரில் ஒரு பண்டகசாலையில் பதினொரு வருடம் வேலை செய்தார். அறையில் அவரோடு இருந்தவர் செனகல் நாட்டுக்காரர். இருவரும் அங்கே பழகிய உடைந்த அரபியில்தான் கதைப்பார்கள். அந்த நண்பரின் தகப்பன் ஊரில் வைத்தியராம். நோயாளிக்காக ஓதிவிட்டுப் படுப்பாராம். கனவில் வரும் உருவத்தைப் பலகையில் தீட்டி, குணமாகும்வரை கட்டிலுக்கு எதிரே வைக்கச் சொல்வாராம். மகனும் விடுமுறை நாட்களில், சாமான் வந்த பெட்டிகளின் பலகைகளில் தன் கனவுகளைத் தீட்டுவார்.

இரண்டு சிறுநீரகமும் பழுதாகி இவர் எங்கள் ஊரான கல்முனைக்குத் திரும்பிய பிறகு, ஒருநாள் அந்த நண்பரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. செம்மண் நிறத்தில் ஒரு பறவை. முகம் முழுக்க ஒரே கண்.

“எனக்காகக் கண்ட கனவாம். ஊட்டு ஆள்ர கையால கீறி வைக்கணுமாம். நீ சித்திர டீச்சர்தானே புள்ள, கீறித் தாவன்,” என்றார்.

மாமிக்குப் பிடிக்கவில்லை, வானவர்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று பயம். “உருவம் வச்ச ஊட்டுக்கு மலக்குமார் வருவாங்களா மகன்?”

“ஓதின தண்ணியும் குடிக்கிறன், ஆஸ்பத்திரிக்கும் போறன். இதும் இரிக்கட்டுமே உம்மா.”

பழைய அலுமாரிக் கதவொன்றில் இரண்டு நாள் இருந்து கீறினேன். கட்டிலுக்கு எதிரே சாய்த்து வைத்ததும் அவர் வெகுநேரம் பார்த்தார்.

“அவன் மூண்டு கால் கீறியிருந்தானே?”

“பிழையா கீறிட்டார் எண்டு நினைச்சி ரெண்டாக்கினன்.”

“கனவில பிழை வருமா புள்ள?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தித் திருத்திப் பழகிய கை. மறுநாள் அவரை இரத்தம் சுத்திகரிக்க ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மூன்றாவது காலைக் கீறினேன். நிறம் ஒத்துவரவில்லை. ஒட்டவைத்தது போலத் தனியாகத் தெரிந்தது. அன்று அவரைத் தூக்கித்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டாம் நாள், லுஹர் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார்.

ஒரு காலுக்கும் மரணத்துக்கும் என்ன சம்பந்தம்? இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கதவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தேன்.

நான் இத்தாவில் இருந்தேன், நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல். கணவருடைய போனுக்கு அந்த நண்பரின் படங்கள் வந்துகொண்டேயிருந்தன: கையுள்ள மீன், வயிற்றில் விளக்கெரியும் ஆடு. ஒவ்வொன்றோடும் ஒரு குரல்பதிவு. குர்ஆனைப் பிழையில்லாமல் ஓதுவேன், ஆனால் அந்த மனிதர் கதைக்கும் அரபியில் ஒரு வசனம் விளங்காது. மௌத்துச் செய்தி சொல்ல வசனம் தேவையில்லை. “இன்னாலில்லாஹி” என்று எழுதினாலே போதும். எழுதுவேன், அழித்துவிடுவேன். உலகத்தில் ஒரு ஆளாவது என் கணவர் எழும்பிவிடுவார் என்று கனவு கண்டுகொண்டிருந்தார். அதை முடித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

“அந்த மனிசனுக்குச் சொல்லாம இரிக்கிறது பாவம் மகள்,” என்றார் மாமி. அன்று அசர் தொழுகைக்கு முன் அனுப்பினேன்.

உடனே அழைப்பு வந்தது. மாமி பக்கத்தில் வந்து இருந்தார். அந்தப் பக்கம் நண்பர் தேம்பி அழுதார், பிறகு கதைத்தார், கதைத்துக்கொண்டேயிருந்தார். எதையோ கேட்கிறார் என்று மட்டும் விளங்கியது. “ஓம்... ஓம்...” என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன், லைன் அறுபடும்வரை.