பதின்மூன்று குழுக்களின் அட்மின்

முப்பத்தொரு வருடம் ஒரே அலுவலகத்தின் தபால் பிரிவில், ஒரே நாற்காலியைத் தேய்த்தவர் அவர். வரும் கடிதத்துக்கு ஓர் எண், போகும் கடிதத்துக்கு ஓர் எண். கடிதத்துக்குள் என்ன இருக்கிறது என்பது அவர் கவலை இல்லை. அவருக்கு மேலே பதினான்கு பேர் இருந்தார்கள். கீழே ஒரு ஈ காக்கை கிடையாது. ஓய்வு பெற்ற வாரம் ஸ்மார்ட்போன் ஒன்றும், அதற்கு இரண்டு சிம் கார்டும் வாங்கினார். கீழே ஆள் வைத்துக்கொள்ள வழி பிறந்துவிட்டது.

குடும்பத்தில் மொத்தம் இருபத்தேழு பேர். மூன்றே வருடத்தில் அவர்களுக்குப் பதின்மூன்று வாட்ஸ்அப் குழுக்கள். முதலில் ‘நம் குடும்பம்’ ஒன்றுதான் இருந்தது. காலை வணக்கம் ஏழு மணிக்குள் போட வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு படம் அல்லது ஒரு வீடியோ என்று விதிகள் வேறு. எழுபதைத் தொட்ட அவருடைய அக்கா, பேரன் பாடிய வீடியோவைக் கை தவறி இரண்டு முறை போட்டுவிட்டாள். நீக்கிவிட்டார். ஏன் நீக்கினீர்கள் என்று அவளுடைய பிள்ளைகள் கேட்க, அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேச அவர்கள் இல்லாத குழு ஒன்று. அங்கே பேசியதை யாரோ போய்ச் சொல்ல, சொன்னவரை விட்டுவிட்டு இன்னொன்று. இப்படி ஒவ்வொரு குழுவும் யாரையோ வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்காகவே பிறந்தது. முகத்துக்கு நேரே அவரை சித்தப்பா, மாமா என்றார்கள். முதுகுக்குப் பின்னால் அட்மின்.

அண்ணன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அண்ணன் மகள்தான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி முடித்தவள். பட்டச் சான்றிதழைப் படம் எடுத்து அவள் குழுவில் போட்டபோது, அட்மின் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு, அதற்குக் கீழேயே ‘உன் இன்றைய படக் கணக்கு முடிந்தது’ என்று எழுதினார். ஆனாலும் அவள் கல்யாணத்தில் அப்பா இடத்தில் தான்தான் நிற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். உலகத்தில் அவருக்கென்று இருந்த ஒரே ஆசை அது. பதின்மூன்று குழுக்களிலும் எழுதியிருக்கிறார். அவளிடம் நேரில் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

எல்லோருடைய போனையும் கிளவுடில் இணைத்துவைத்ததும் அவர்தான். உங்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது என்று சொல்லி, பாதிப் பேருடைய போனில் தன் கணக்கையே போட்டுக் கொடுத்திருந்தார். அவர்களில் யார் எங்கே படம் எடுத்தாலும் அது அவர் கணக்கில் போய் விழும். அவர் அதில் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பார். ஒரு நாள் காலையில் எண்ணிக்கை திடீரென்று இருநூறு ஏறியிருக்கவே, திறந்து பார்த்தார்.

ஏதோ ஒரு கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் அண்ணன் மகள், பக்கத்தில் யாரோ ஒரு பையன், சுற்றிலும் குடும்பம் மொத்தமும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பதின்மூன்று குழுக்களாகக் கூறு போட்டு வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே படத்தில். அக்கா முன்வரிசையில் இருந்தாள். பெரிதாக்கிப் பார்த்ததில், ஓரத்தில் அவருடைய மனைவி.

கேட்டதற்கு அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. பல் டாக்டரிடம் போவதாகச் சொன்னேனே, அன்றைக்குத்தான் நிச்சயம் முடிந்தது என்றாள்.

அண்ணன் மகளே மறுநாள் வீட்டுக்கு வந்தாள். எல்லோரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருப்பதாகவும், அதில் அவர் மட்டும் இல்லை என்றும் ஒளிக்காமல் சொன்னாள். அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் முதலில் வாயில் வந்த கேள்வி வேறு.

“அதுக்கு அட்மின் யாரு?”

“எல்லாரும்தான், சித்தப்பா.”

“எல்லாருமா? அது எப்படிம்மா நடக்கும்?”

“நல்லாத்தான் நடக்குது.”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். அப்பா இருக்க வேண்டிய இடத்தில் அவர் நிற்கட்டும், அவளுக்கும் அதுதான் ஆசை. ஆனால் பதின்மூன்றையும் கலைக்க வேண்டும். “அத்தைக்கு நீங்களே போன் போடுங்க. மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை. வேற எதுவும் வேண்டாம்.”

சரி என்று தலையாட்டினார். அவள் படி இறங்குவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒரு குழுவைக் கலைப்பதென்றால் அதில் இருப்பவர்களை ஒவ்வொருவராக நீக்க வேண்டும். அவருக்குக் கரும்பு தின்னக் கூலி. மதியத்துக்குள் பதின்மூன்றும் காலி.

மிச்சம் இருந்தது அக்காவுக்குப் போன் செய்வது. எண்ணை எடுத்தார், வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறோம், ஒருத்தரும் கூப்பிட்டு ஏன் என்று கேட்கவில்லையே என்று பொருமினார். முறைப்படி எல்லோருக்கும் தெரிவிப்பதுதானே நியாயம் என்று தோன்றியது. ‘சமாதானம்’ என்று புதுக் குழு ஒன்றைத் தொடங்கி, அத்தனை பேரையும் சேர்த்தார். யாரும் குறுக்கே பேசி அறிவிப்பைக் கெடுத்துவிடக் கூடாது என்று, அட்மின் மட்டுமே எழுத முடியும்படி வைத்தார். பிறகு எழுதினார்:

‘1. பழைய குழுக்கள் அனைத்தும் இன்றுடன் கலைக்கப்பட்டன. 2. அக்கா மன்னிக்கப்பட்டார். 3. புதிய விதிகள் நாளை அறிவிக்கப்படும்.’

எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

முதலில் அக்கா வெளியேறினாள். பின்னாலேயே அவள் பிள்ளைகள். அப்புறம் ஒவ்வொருவராக, வண்டி நின்றதும் இறங்குகிற பயணிகள் மாதிரி, அவசரமில்லாமல். அண்ணன் மகள் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தாள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு போன் போட்டிருக்கலாம். அவர் மூன்றாவது எண்ணுக்கான விதிகளை யோசித்துக்கொண்டிருந்தார். அவளும் போனாள். கடைசியாக, சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த மனைவி, அவர் எதிரிலேயே உட்கார்ந்து போனைத் தட்டிவிட்டு, எழுந்து உள்ளே போனாள்.

குழுவில் மீதி இரண்டு எண்கள். இரண்டும் அவருடையவை.

கல்யாணத்தில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் அத்தை நின்றாள்.