பாஸ் போட்ட இடைவெளி

2025 ஜனவரி 8, புதன்கிழமை, காலை 9.20. ஓசூரில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை.

முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் உதிரிபாகங்களின் இடைவெளியைத் தகடு விட்டு அளந்து, கூடுதலாக இருந்ததைத் திருப்பி அனுப்பியவன் நான். பல் சந்தில் சோறு சிக்குகிறதென்று அறுபத்தாறு வயதில் கீழ்ப்பற்களுக்குக் கம்பி போட்டுக்கொண்டேன். அந்தப் பல் இடைவெளியையும் தினமும் தகட்டால் அளந்தேன்.

"ஏங்க, பொண்ணு பாக்கவா போறீங்க?" என்பாள் மனைவி.

ஒரு பல் ஆடத் தொடங்கியதால் அன்று ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "இந்தப் பல்லுக்கு நாக்குப் பக்கம் எலும்பு பாதிக்கு மேல இல்லைங்க ஐயா. இன்னும் இழுத்தா பல்லு போயிரும்."

"அரை மில்லிமீட்டர்தானேம்மா பாக்கி?"

"அரை மில்லி வேணுமா, பல்லு வேணுமா?"

அவ்வளவு இடைவெளியோடு ஒரு பாகத்தையும் நான் வெளியே விட்டதில்லை. ஆனால் இருக்கிற இருபத்தெட்டுப் பல்லில் ஒன்றையும் விடுவதாக இல்லை.

"இப்படியே நிறுத்திடுங்கம்மா. பாஸ் போட்டுட்டேன்."

போட்டிருந்த கம்பியைக் கழற்றிவிட்டு, பற்கள் நகராதபடி உள்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டினார். ஸ்கேனோடு சேர்த்து மொத்தம் 46,850 ரூபாய்.